பேனாக் கடைசலில் மேண்ட்ரல்: தேர்வும் கோளாறும்

துளையிட்ட மரத்துண்டை லேத்தில் கடைய வேண்டுமானால் அதை உள்ளிருந்துதான் பிடிக்க வேண்டும். உளி பட வேண்டியது வெளிப்புறம்; அதை எந்திரத்தின் கவ்வியான சக்கின் தாடைகள் பற்றிக்கொண்டால் கடைவதற்கு இடம் மிஞ்சாது. அதனால் துளைக்குள் ஓர் எஃகுக் கம்பியை நுழைத்து, கம்பியை எந்திரத்தில் பூட்டி, மரத்தை அதோடு சேர்த்துச் சுழல விடுகிறார்கள். இந்தக் கம்பிதான் மேண்ட்ரல். மோதிரம், மிளகு அரைக்கும் மரக்குடுவை, பாட்டில் மூடி என ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற மேண்ட்ரல் உண்டு. மரக் கடைசலைப் பொழுதுபோக்காகப் பழகுகிறவர்கள் முதலில் வாங்குவது பேனா மேண்ட்ரல். அதிகமாகக் குறை சொல்லப்படுவதும் அதுவே. குறைகளில் பெரும்பாலானவை கம்பியின் தவறு அல்ல, அதன்மேல் ஏற்றப்படும் அழுத்தத்தின் விளைவு.

மரப் பேனாவின் அமைப்பு எளிது. மரத்துண்டின் நடுவே துளையிட்டு, அதில் ஒரு பித்தளைக் குழாயைப் பசையிட்டுச் செருகுகிறார்கள். மெல்லிய ரகப் பேனாவில் குழாயின் வெளிவிட்டம் 7 மி.மீ. முனை, கிளிப், நடுவளையம் போன்ற உலோக உறுப்புகள் கடைசியில் இந்தக் குழாய்க்குள் அழுத்திப் பொருத்தப்படும். (திருவள்ளூரிலும் ஆந்திரத்தின் ராஜமுந்திரியிலும் கையால் கடையப்படும் எபோனைட் பேனாக்கள் வேறு வகை. அவற்றில் இந்தப் பித்தளைக் குழாய் இல்லை. எபோனைட் தடியையே துளைத்து மரை வெட்டிவிடுகிறார்கள்.) மெல்லிய மரப் பேனாவில் நடுவளையத்தை ஒட்டிய இடத்தின் விட்டம் ஏறத்தாழ 8.3 மி.மீ. அதிலிருந்து குழாயின் 7 மி.மீ.யைக் கழித்தால், பக்கத்துக்கு முக்கால் மில்லிமீட்டர்கூட மரம் இல்லை. சுழலும் மையம் 0.2 மி.மீ. விலகினாலும் ஒரு பக்கம் மரம் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போய்விடும், எதிர்ப்பக்கம் 0.8 மி.மீ.யைத் தாண்டிவிடும். மேசைக்கால் கடைகிறவர் கவனிக்கவே தேவையில்லாத விலகல், பேனாவில் விரலுக்குத் தட்டுப்படும்.

பேனா மேண்ட்ரலில் பூட்டும் அடிப்பகுதி, கம்பி, புஷ்கள், கம்பியின் கோடியில் மரை மேல் ஏறும் பித்தளை நட் ஆகியவை உண்டு. புஷ் என்பது மரத்துண்டின் இரு முனைகளிலும் உட்காரும் எஃகு வளையம். எவ்வளவு கடைய வேண்டும் என்பதற்கு அதுவே அளவுகோல்: மரம் புஷ்ஷின் மட்டத்துக்கு இறங்கியதும் உளியை நிறுத்த வேண்டும். மெல்லிய பேனாவின் இரு பாதிகளையும் ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்துக் கடையலாம். அப்போது முனைகளில் இரண்டு புஷ்கள், நடுவில் ஒன்று.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அடிப்பகுதி. பெரும்பாலான மேண்ட்ரல்கள் மோர்ஸ் டேப்பர் என்னும் சரிவு முனையோடு வருகின்றன. 1860களில் அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் உருவாக்கிய இந்த அமைப்பில், ஒவ்வொரு 20 மி.மீ. நீளத்துக்கும் விட்டம் சுமார் 1 மி.மீ. குறைகிறது. இவ்வளவு மெல்லிய சரிவு என்பதால் துளைக்குள் தள்ளியதும் உராய்விலேயே இறுகிக்கொள்கிறது. பெரும்பாலான மர லேத்துகளில் இருப்பது 2ஆம் எண். அதன் அகன்ற முனை 17.78 மி.மீ. பழைய சிறு எந்திரங்களில் 12 மி.மீ. அளவுள்ள 1ஆம் எண்ணைப் பார்க்கலாம். எந்திரத்தின் எண் தெரியாமல் மேண்ட்ரல் வாங்கக் கூடாது.

கம்பியில் இரண்டு பருமன்கள் வழக்கில் உள்ளன. "ஏ" என்பது கால் அங்குலம், அதாவது தச்சர் கணக்கில் இரண்டு நூல். உண்மை அளவு அதைவிடச் சற்றுக் குறைந்து 6.25 மி.மீ. வாக்கில் இருக்கும். "பி" கம்பி ஏறத்தாழ 7.5 மி.மீ. ஒன்றேகால் மில்லிமீட்டர் அதிகம் என்பது பார்வைக்கு அற்பம்தான். ஆனால் வளைவை எதிர்க்கும் பலம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், "பி" கம்பி "ஏ" கம்பியைப் போல இரு மடங்கு விறைப்பானது. 7 மி.மீ. குழாய்க்குள் "பி" கம்பி நுழையாது. அங்கே "ஏ"தான் வழி. அகன்ற குழாயுள்ள தடித்த பேனாக்களே ஒருவர் கடையப்போகிறார் என்றால், அதற்குரிய புஷ்கள் கிடைக்கும் பட்சத்தில் "பி" கம்பியை வாங்குவது நல்லது.

பருமனைவிட முக்கியம் நீளம். ஒல்லியான கம்பியை இரு முனையிலும் அழுத்தினால் எந்தச் சுமையில் அது வில்லாக வளையும் என்பதை 18ஆம் நூற்றாண்டில் லெயோனார்ட் ஆய்லர் கணக்கிட்டுக் காட்டினார். அந்தக் கணக்கின்படி நீளத்தைப் பாதியாக்கினால் கம்பி தாங்கும் சுமை நான்கு மடங்காகும். உளி பக்கவாட்டில் தள்ளும்போது ஏற்படும் வளைவோ எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒற்றைக் குழாய்ப் பேனாவை முழு நீள மேண்ட்ரலில் மாட்டி, மிச்ச இடத்தை உதிரி புஷ்களால் நிரப்பிக் கடைவது இந்தக் கணக்குக்கு நேர்விரோதம். அதனால் நீளம் மாற்றக்கூடிய மேண்ட்ரலை வாங்குவதே சரி. அதில் கம்பி அடிப்பகுதிக்குள் முன்னும் பின்னும் நகரும். தேவையான நீளத்தை வெளியே விட்டு, காலெட் என்னும் பிளவுபட்ட கவ்வியை இறுக்கினால் போதும். அடிப்பகுதியில் கம்பியை மரையால் நிரந்தரமாகப் பூட்டிய ரகம் விலை குறைவு. இரு பாதிப் பேனா மட்டுமே கடைகிறவருக்கு அது போதும்.

மறுமுனையை, லேத்தின் எதிர்ப்பக்கத்தில் நகரும் தாங்கியான டெயில்ஸ்டாக்கிலுள்ள லைவ் சென்டர் என்னும் சுழலும் கூம்பு தாங்குகிறது. கம்பியின் கோடியில் 60 டிகிரி கோணத்தில் ஒரு சிறு குழி இருக்கும். சென்டரின் கூம்பும் அதே 60 டிகிரியாக இருந்தால்தான் குழியின் சுவர் முழுவதும் ஒட்டி உட்காரும். மர லேத்தோடு சேர்ந்து வரும் சென்டரில் பல சமயம் மரத்தைக் குத்திப் பிடிப்பதற்கான ஊசிமுனையும் சுற்றிலும் ஒரு வளையமும் இருக்கும். அந்த முனை குழியின் அடியை மட்டும் தொட்டுக்கொண்டு ஆடும். நாளடைவில் குழியையும் தேய்த்துக் கோணலாக்கும். மேண்ட்ரல் வாங்கும் அன்றே 60 டிகிரி லைவ் சென்டரையும் சேர்த்து வாங்கிவிட்டால், பின்னால் வரும் கோளாறுகளில் ஒரு பெரிய பங்கு தொடக்கத்திலேயே ஒழியும்.

இந்த இரு முனைத் தாங்கலில் ஓர் அடிப்படைக் குறை உண்டு: டெயில்ஸ்டாக்கின் கைச்சக்கரத்தைத் திருகத் திருக அழுத்தம் முழுவதும் ஒல்லிக் கம்பியின் மேல் விழுகிறது. இதற்கு மாற்றாக வந்தது உள்ளீடற்ற லைவ் சென்டர். கம்பி அதன் நடுவிலுள்ள துளை வழியாக உள்ளே போய்விடும். சென்டரின் முகம் கடைசிப் புஷ்ஷை மட்டும் அழுத்தும். அழுத்தத்தைப் புஷ்களும் பித்தளைக் குழாய்களும் தாங்க, கம்பி வெறும் வழிகாட்டியாக நிற்கிறது. பித்தளை நட் தேவையில்லை, நீளமும் தானாகவே சரியாகிவிடும். இருக்கிற மேண்ட்ரலோடு சேர்த்துக்கொள்ளக் கூடிய உறுப்புகளில் இதைப் போலப் பலன் தருவது வேறில்லை.

இன்னொரு வழி மேண்ட்ரலையே விட்டுவிடுவது. மோட்டார் சுழற்றும் பக்கமான ஹெட்ஸ்டாக்கில் 60 டிகிரி கூம்பு, டெயில்ஸ்டாக்கில் 60 டிகிரி லைவ் சென்டர். இரண்டுக்கும் நடுவே, முகத்தில் கூம்புக்குழி வெட்டிய தனிப் புஷ்களோடு மரத்துண்டு நிற்கும். வளைவதற்குக் கம்பியே இல்லை என்பதால் துல்லியத்தில் இதை மிஞ்ச முடியாது. ஒரு நேரத்தில் ஒரு துண்டைத்தான் கடையலாம் என்பதும், ஒவ்வொரு பேனா ரகத்துக்கும் புதுப் புஷ் தேவை என்பதும் இதன் விலை. தடித்த, ஒற்றைக் குழாய்ப் பேனாக்களை விற்பனைக்காகச் செய்கிறவர் இந்த முறைக்கு வந்துவிடுவதே நல்லது. மெருகேற்றும் கட்டத்தில் சிலர் புஷ்ஷையும் எடுத்துவிட்டுக் குழாயின் வாயையே கூம்பில் பொருத்துவதுண்டு. அப்போது கை கொஞ்சம் அழுந்தினாலும் மெல்லிய பித்தளை வாய் புனல்போல் விரிந்துவிடும். பிறகு உறுப்புகள் பிடிப்பாக இறங்கா.

இனி கோளாறுகள். முதன்மையானது, கடைந்து முடித்த பேனாவின் ஒரு பக்கம் மரம் உலோகத்தைவிட மேடாகவும் எதிர்ப்பக்கம் பள்ளமாகவும் இருப்பது. பேனா முட்டை வடிவமாகிவிட்டது என்று இதைச் சொல்வார்கள். வெர்னியரை வைத்து அளந்தால் வேறு செய்தி கிடைக்கும். பேனாவைத் திருப்பித் திருப்பி ஒரே இடத்தில் நாலைந்து முறை விட்டம் எடுத்தால் பெரும்பாலும் ஒரே அளவுதான் வரும். அப்படியானால் மரம் வட்டமாகவே இருக்கிறது, அந்த வட்டத்தின் மையமும் குழாயின் மையமும்தான் வேறு வேறு. உளி எப்போதும் லேத்தின் அச்சைச் சுற்றியே வட்டம் வெட்டும். கம்பி அந்த அச்சிலிருந்து விலகிச் சுழன்றிருந்தால் குழாய் ஓரமாகப் போய்விடும். இதற்கு மாறாக, வெர்னியர் திசைக்குத் திசை வேறு விட்டம் காட்டினால் அது உண்மையான முட்டை வடிவம். அதற்குக் காரணம் பெரும்பாலும் மேண்ட்ரல் அல்ல. மரம் சரியாக உலராமல் கடைந்த பிறகு சுருங்கியது, அல்லது ஓட்டத்தில் உப்புத்தாளை அழுத்திப் பிடித்ததால் மென்மையான இழைகள் மட்டும் அதிகம் தேய்ந்தது. இரண்டையும் பிரித்தறியாமல் புதுக் கம்பி வாங்குவது வீண்செலவு.

மையம் விலகியதுதான் என்று தெரிந்த பின், அது எந்த இடத்தில் அதிகம் என்று பார்க்க வேண்டும். இரு பாதிகளும் சந்திக்கும் நடுப்புஷ்ஷருகே அதிகமாகவும் கோடிகளில் குறைவாகவும் இருந்தால் கம்பி வில்லாக வளைந்து ஓடியிருக்கிறது. டெயில்ஸ்டாக்கை மிகையாக இறுக்கியதே இதற்கு வழக்கமான காரணம். சரியான இறுக்கம் என்பது, லைவ் சென்டர் கம்பியோடு சேர்ந்து சுழலத் தொடங்கும் அளவுதான். கைச்சக்கரத்தை மெல்லத் திருகிக்கொண்டே போய், சென்டரை விரல்களால் பிடித்து நிறுத்த முடியாத நிலை வந்ததும் விட்டுவிட்டு, டெயில்ஸ்டாக்கிலிருந்து முன்னே நீளும் குழலான குவில்லின் பூட்டைப் போட வேண்டும். (இந்தச் சோதனையை மோட்டாரை நிறுத்திவிட்டு, சுழல்தண்டைக் கையால் சுற்றியே செய்ய வேண்டும்.) நட்டும் அப்படித்தான்: விரலால் இறுக்கிய பின் ஸ்பேனரால் கால் சுற்றுக்கு மேல் தேவைப்பட்டால் வேறெங்கோ பிழை இருக்கிறது.

டெயில்ஸ்டாக் பக்கத்துக் கோடியில் விலகல் அதிகம் என்றால் சென்டரின் கோணத்தையும் எந்திரத்தின் நேர்மையையும் சந்தேகிக்க வேண்டும். மேண்ட்ரலைக் கழற்றிவிட்டு இரு பக்கமும் கூர்முனைச் சென்டர்களை மாட்டி, டெயில்ஸ்டாக்கை நகர்த்தி முனையோடு முனை சேர்த்துப் பார்த்தால் மேல்கீழ் விலகலும் பக்கவாட்டு விலகலும் கண்ணுக்கே தெரியும். டெயில்ஸ்டாக்கின் அடியில் ஒட்டிய தூளைத் துடைத்ததுமே சரியாகிவிடுவதும் உண்டு. குவில்லை நீளமாக வெளியே விட்டால் அதன் ஆட்டம் கூடும். ஆகவே டெயில்ஸ்டாக்கையே அருகில் கொண்டுவந்து குவில்லைக் கூடியவரை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹெட்ஸ்டாக் பக்கமே ஆடினால் மோர்ஸ் டேப்பரைப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு சுருள் மரச்சீவல் சிக்கினாலும் கம்பியின் கோடி கோணலாகிவிடும். துணி சுற்றிய குச்சியால் துளையைத் துடைத்து, மேண்ட்ரலின் சரிவையும் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தால் கீறலும் பிசிறும் தட்டுப்படும். துடைத்த பிறகும் ஆட்டம் இருந்தால் குற்றவாளி சுழல்தண்டா மேண்ட்ரலா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. இரண்டின் மேலும் ஒரே கோட்டில் பேனாவால் குறியிட்டு, நுண்ணிய விலகலை அளக்கும் டயல் கேஜின் முனையைக் கம்பியின் மேல் வைத்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, மேடு எங்கே வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மேண்ட்ரலைக் கழற்றி, அரைச்சுற்றுத் திருப்பி மாட்டி மறுபடி பார்க்க வேண்டும். மேடு மேண்ட்ரலின் குறியோடு சேர்ந்து நகர்ந்திருந்தால் பிழை மேண்ட்ரலில். சுழல்தண்டின் குறியிலேயே நின்றால் பிழை எந்திரத்தில். அதற்கு எத்தனை மேண்ட்ரல் வாங்கினாலும் தீராது. டயல் காட்டும் முழு வித்தியாசத்தில் பாதிதான் மைய விலகல் என்பதை நினைவில் வைக்க வேண்டும். விலகல் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் மரப் பேனாவுக்குத் தாராளம்.

டயல் கேஜ் இல்லாதவர் கம்பியை மட்டும் கழற்றிக் கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டிப் பார்க்கலாம். நேரான கம்பி சத்தமில்லாமல் ஒரே சீராக உருளும். வளைந்த கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சக் கீற்று ஒன்று தோன்றித் தோன்றி மறையும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்த முயல்வதில் பயனில்லை. மாற்றுக் கம்பி தனியாகவே கிடைக்கிறது. அடிப்பகுதியை வைத்துக்கொண்டு கம்பியை மட்டும் மாற்றினால் போதும்.

கம்பியும் எந்திரமும் நேராக இருந்தும் மையம் விலகுகிறதா? மரத்துண்டின் முகத்தைப் பார்க்க வேண்டும். குழாயின் அச்சுக்கு அதன் முகம் செங்குத்தாக இல்லாவிட்டால் புஷ் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். நட்டை இறுக்கும்போது அந்தச் சாய்வு கம்பியையே வளைத்து இழுக்கும். உள்ளீடற்ற சென்டர் போட்டவருக்கும் இந்தப் பிழையிலிருந்து தப்பில்லை. குழாயை ஒட்டிய பிறகு, குழாய்க்குள் நுழையும் வழிகாட்டித் தண்டோடு கூடிய முகம் சீவும் கட்டரால் இரு முகத்தையும் சீவுவது இதற்காகத்தான். பித்தளை வளையம் முழுவதும் பளிச்சென்று தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலும் சீவினால் குழாயே குட்டையாகி, பேனாவின் ரீஃபில் முனை உள்ளே போகாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குழாய்க்குள் அரால்டைட்டோ ஃபெவிக்விக்கோ வழிந்து உறைந்திருந்தால் வழிகாட்டித் தண்டு கோணலாக நுழையும். ஆகவே முதலில் சிறு உருண்டை அரத்தால் உட்புறத்தைச் சுரண்டிச் சுத்தமாக்க வேண்டும். சீவிய துண்டைப் புஷ்ஷோடு கோத்து விளக்குக்கு நேரே பிடித்தால், இடுக்கில் வெளிச்சம் எங்குமே கசியக் கூடாது.

புஷ்களும் தேய்கின்றன. ஒவ்வொரு பேனாவுக்கும் உப்புத்தாள் அவற்றின் மேல் ஏறி இறங்குவதால் விட்டம் மெல்ல மெல்லக் குறையும். உளி தவறிப் பட்டால் வடுவும் விழும். தேய்ந்த புஷ்ஷை நம்பிக் கடைந்தால் பேனா சுற்றிலும் ஒரே சீராக உலோகத்தைவிட ஒல்லியாக அமையும். மேடு பள்ளம் இல்லாமல் முழுச் சுற்றும் பள்ளம் என்றால் இதுவே காரணம். புஷ்ஷைத் தோராயமான அடையாளமாக மட்டும் கொண்டு, பேனாவில் பொருத்தப்போகும் உலோக உறுப்பையே வெர்னியரால் அளந்து அந்த அளவுக்குக் கடைவது பிழைக்கு இடம் தராத பழக்கம். புஷ்ஷின் உள்துளையும் கம்பியில் தொளதொளவென்று ஆடக் கூடாது.

உளி பட்டதும் கம்பி சுழல, மரம் மட்டும் நின்றுவிடுகிறது என்பது அடுத்த புகார். இங்கேதான் பலர் நட்டை மேலும் முறுக்கிக் கம்பியை வளைத்துவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது நட், மரையின் முடிவு வரை போய் முட்டி நிற்கிறதா என்பதை. அப்படி முட்டினால் கைக்கு இறுகியதுபோலத் தோன்றும், ஆனால் மரத்தின் மேல் அழுத்தமே இருக்காது. உதிரி புஷ் ஒன்றைச் சேர்த்துக் கோத்தாலோ, கம்பியின் நீளத்தைக் குறைத்தாலோ தீர்ந்தது. மழுங்கிய உளியும் மரத்தை நிறுத்தும்; தீட்டிய உளி மெல்லிய சுருளாகச் சீவிக்கொண்டு போவதால் அதிகப் பிடிப்பே தேவைப்படாது. மரத்தின் மேல் திருகுபோன்ற வரிகள் விழுவதும் பெரும்பாலும் மழுங்கிய உளியின் வேலைதான். உளியைத் தீட்டிய பிறகும் வரிகள் நீடித்தால், கம்பியின் நீளத்தைக் குறைத்தும் வேகத்தை மாற்றியும் பார்க்கலாம். பேனாவுக்கு நிமிடத்துக்கு 2,000 முதல் 3,000 சுற்று வரை வழக்கம். லேசாக வளைந்த கம்பி அந்த வேகத்தின் மேல்முனையில்தான் அதிர்ந்து காட்டிக்கொடுக்கும்.

மெருகுக்காக ஃபெவிக்விக் வகைப் பசையைச் சொட்டுச் சொட்டாகப் பூசுகிறவர்களுக்குப் புஷ், மரத்தோடு ஒட்டிக்கொள்ளும் தொல்லை உண்டு. முறுக்கிப் பிய்த்தால் மெருகுப் படலத்தின் ஓரம் சில்லாகப் பெயர்ந்துவிடும். கூரான கத்தியால் புஷ்ஷும் மரமும் சேரும் கோட்டில் சுற்றிக் கீறிய பிறகே பிரிக்க வேண்டும். முன்கூட்டியே புஷ்களில் மெழுகு தடவி வைப்பதும், பூச்சுக்கு மட்டும் பசை ஒட்டாத பிளாஸ்டிக் புஷ்களுக்கு மாறுவதும் இன்னும் நல்லது. ஒட்டிய எஃகுப் புஷ்களை அசிட்டோனில் ஊறவைத்தால் பசை கரையும். அது சட்டென்று தீப்பிடிக்கும் திரவம் என்பதால் மூடிய பாத்திரமும் காற்றோட்டமும் அவசியம்.

பேனா அல்லாத மேண்ட்ரல்களில் மாறுவது டெயில்ஸ்டாக்கின் பங்கு. பாட்டில் மூடிக்கான மேண்ட்ரல் மரைத் தண்டாக நீட்டிக்கொண்டிருக்கும். மரத்தை அதன் மேல் திருகி ஏற்றி, கடைசியில் மேல்முனையையும் கடைய டெயில்ஸ்டாக்கை விலக்க வேண்டியிருக்கும். மோதிரத்துக்கு, உள்ளே ஒரு கூம்பை இறுக்கினால் பிளவுபட்ட உடல் விரிந்து உட்புறத்தைக் கவ்வும் ரகம். டெயில்ஸ்டாக் இல்லாமல் ஓடும்போது மோர்ஸ் டேப்பர் அதிர்வில் தளர்ந்து வெளியே வர வாய்ப்புண்டு. அதனால் ஹெட்ஸ்டாக்கின் பின்புறத் துளை வழியாக ஒரு நீளத் திருகாணியை விட்டு மேண்ட்ரலின் அடியில் மரையிட்டு இழுத்துக் கட்டுவது கட்டாயம். பறந்து வரும் மேண்ட்ரல் கடுமையான காயம் உண்டாக்கும். முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

கடையில் கிடைக்காத அளவுக்கு மேண்ட்ரல் தேவைப்பட்டால் மரத்திலேயே கடைந்துகொள்ளலாம். நெருக்கமான இழையுள்ள கெட்டி மரத்துண்டைச் சக்கில் பூட்டி, வேலைப்பொருளின் துளைக்குச் சற்றே சரிவாக முனையைக் கடைந்து, பொருளை அதன் மேல் கையால் தள்ளிப் பிடிக்கச் செய்வது பழைய உத்தி. அந்த எந்திரத்திலேயே, அந்தச் சக்கிலேயே கடைந்தது என்பதால், கழற்றாத வரை அதன் மையம் எந்திரத்தின் மையமாகவே இருக்கும். விலை கொடுத்து வாங்கும் எந்த எஃகு மேண்ட்ரலுக்கும் இந்த உறுதியைத் தர முடியாது. பிடி தளர்ந்தால் முனையில் கொஞ்சம் தண்ணீரைத் தொட்டுத் தடவினால் மரம் உப்பி மறுபடி கவ்வும். கழற்ற நேர்ந்தால் சக்கின் முதல் தாடைக்கு நேரே பென்சிலால் குறியிட்டு வைத்து, மீண்டும் மாட்டும்போது அதே இடத்தில் பூட்டி, முனையை உளியால் ஒருமுறை மெல்லச் சீவிய பிறகே அடுத்த பொருளை ஏற்ற வேண்டும். இப்படிச் சீவிச் சீவி முனை சிறுத்துப்போன மேண்ட்ரலை அடுத்த சிறிய துளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.